கணக்கு எழுதிய குடும்பங்கள்

2010ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, அம்பானி சகோதரர்களின் எரிவாயு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் கிடைக்கும் எரிவாயுவை அண்ணனின் நிறுவனம் தம்பியின் நிறுவனத்துக்கு 17 ஆண்டுகளுக்குத் தர வேண்டும், நாளொன்றுக்கு 2 கோடியே 80 லட்சம் கனமீட்டர், விலை அலகுக்கு 2.34 டாலர் என்பது 2005இல் குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அரசு பிறகு ஒப்புதல் கொடுத்த விலையோ 4.20 டாலர். எரிவாயு யாருடைய சொத்து, அதன் விலையை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே வழக்கின் பெரும்பகுதி. ஆனால் அந்தத் தீர்ப்பில் குடும்பத் தொழில் நடத்தும் எவரும் நின்று படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. தாய் கோகிலாபென், மகன்கள் முகேஷ், அனில் ஆகிய மூவருக்குள் மட்டும் செய்துகொண்ட உடன்பாடு, லட்சக்கணக்கான பங்குதாரர்களைக் கொண்ட ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தாயின் முன்னிலையில் பிள்ளைகள் ஒப்புக்கொண்டது, சட்டத்தின் முன் நிறுவனத்தின் வாக்காக நிற்கவில்லை.

அந்த வழக்கின் வேர் எட்டு ஆண்டுகளுக்கு முந்தையது. 2002 ஜூலை 6ஆம் தேதி திருபாய் அம்பானி உயில் எழுதாமல் இறந்தார். 2004இன் கடைசியில் சகோதரர்களுக்குள் உடைமை பற்றிய பிணக்கு வெளியே தெரிந்தது. 2005 ஜூனில் தாய் நடுவில் நின்று பிரித்துக் கொடுத்தார். அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் இழுபறி, கோர்ட்டு. நாட்டின் மிகப் பெரிய தனியார் தொழிலை நடத்திய குடும்பத்துக்கு வக்கீலுக்கும் கணக்காளருக்கும் பஞ்சம் இருந்திருக்காது. எழுதித் தர ஆள் கிடைக்காமல் எந்தக் குடும்பமும் எழுதாமல் விடுவதில்லை. அப்பா இருக்கும்போது அந்தப் பேச்சை எடுப்பது மரியாதை இல்லை, அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து எதற்கு, பேச ஆரம்பித்தாலே மனஸ்தாபம் வரும். சேலத்து ஜவுளிக் கடையானாலும் நாமக்கல் லாரி ஆபீஸானாலும் விருதுநகர் மண்டியானாலும் நம்மவர்கள் சொல்லும் காரணங்கள் இவைதான். இந்த மௌனத்துக்குத்தான் நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். தலைமுறை தாண்டி நின்ற குடும்பத் தொழில்களைப் பார்த்தால், எழுதி வைத்ததாலும் பிரிய வேண்டிய நேரத்தில் பிரிந்ததாலும்தான் அவர்களால் ஒருவரை ஒருவர் நம்ப முடிந்திருக்கிறது. இதற்கு வலுவான சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கிளம்பி பர்மா, இலங்கை, மலேயா, இந்தோ-சீனா என்று கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், ஒரு காலத்தில் தென்கிழக்கு ஆசியாவின் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் பணம் தந்தவர்கள். 1930ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் அவர்களுடைய முதலீடு 75 கோடி ரூபாய் என்று அந்த மாகாணத்தின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1,600க்கும் மேற்பட்ட கடைகள் அங்கே இருந்தன. முதலாளி செட்டிநாட்டில், கடை கடலுக்கு அப்பால், நடுவில் பல நாள் கப்பல் பயணம். கல்லாப்பெட்டியைப் பிறர் கையில் கொடுக்காமல் இந்தத் தொழிலை நடத்தவே முடியாது. அவர்கள் யாரை நம்பினார்கள் என்பதைவிட, அந்த நம்பிக்கையைச் சுற்றி எத்தனை காகிதங்களை வைத்தார்கள் என்பதுதான் வியப்பு. கடைக்குப் போகும் ஏஜெண்டோடு சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. வழக்கமான தவணை மூன்று ஆண்டு. இவ்வளவு சம்பளம், லாபத்தில் இவ்வளவு பங்கு, எந்தெந்தச் செயலுக்கு அவருக்கு அதிகாரம் என்பதெல்லாம் புறப்படும் முன்பே எழுத்தில் இருந்தன. கடைக் கணக்கின் நகல் ஊருக்கு முறையாக வந்தது. தவணை முடிந்து அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்போது ஐந்தொகை போட்டு, வராக்கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒப்படைத்துவிட்டுத்தான் பழையவர் கப்பல் ஏறுவார். இப்படிப் போனவர் பெரும்பாலும் யார்? பங்காளி, மைத்துனன், சம்பந்தி வீட்டுப் பிள்ளை, ஒரே கோயிலைச் சேர்ந்தவர். மைத்துனன்தானே என்று சீட்டு எழுதாமல் விட்டுவிடவில்லை.

பணத்துக்குள்ளும் அதே பிரிவு. முதலாளி போட்டது முதல் பணம். சொந்தக்காரர்களும் மற்றவர்களும் வட்டிக்கு விட்டுவைத்தது மேம்பணம். இரண்டும் பேரேட்டில் தனித்தனியே நின்றன. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் அவளுக்குரியதாகத் தனிக் கணக்கில் ஏறி வட்டி சேர்ந்தது. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு என்ன வட்டி என்பதைக்கூட ஆளுக்கு ஆள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ரங்கூனில் நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். வீட்டுக்குள் வந்தால் இன்னும் தெளிவு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் ஒரு தனிப் புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். அதே பெரிய வீட்டில், அதே வளவில் அவனுக்கென்று ஓர் அறையும் ஓர் அடுப்பும் ஒதுக்கி வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு. விசேஷம் என்றால் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். வரவு செலவு அவரவருக்கு. கூட்டுக் குடும்பத்தின் சண்டை எங்கிருந்து தொடங்கும் என்பதை இதைவிட நன்றாகப் புரிந்துகொண்ட ஏற்பாட்டைக் காண்பது அரிது. மனம் கசந்த பிறகு நடக்கும் பாகப்பிரிவினையை அவர்கள் மனம் நிறைந்திருக்கும் கல்யாண நாட்களை ஒட்டியே தொடங்கி வைத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. அது நின்றதற்குக் காகிதம் மட்டும் காரணமில்லை. பின்னால் ஒரு சமூகத்தின் பிடி இருந்தது. கணக்கில் கை வைத்த ஏஜெண்டுக்கு இன்னொரு கடையில் வேலை கிடைக்காது, அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதே கஷ்டம். அந்தக் கட்டுப்பாடு இன்று எந்தச் சமூகத்திலும் அந்த அளவில் இல்லை. இருக்க வேண்டும் என்று விரும்பவும் கூடாது, ஏனென்றால் அது வேண்டாதவர்களை நசுக்கவும் பயன்பட்டது. அடுத்து, இந்த நம்பிக்கை வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கே உரியது. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நகரத்தார் கடைகளின் கைக்கு வந்தது. அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு ஐந்தொகையின் நேர்மை ஓர் ஆறுதலும் தரவில்லை. ஜப்பான் படையெடுப்புக்கு அஞ்சி ஊர் திரும்பியவர்கள் விட்டுவந்த சொத்தில் பெரும்பகுதியைப் பின்னால் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒழுங்கு, வெளியே இருந்தவர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வியை இங்கே வைத்துவிட்டு நகர்கிறேன். அது மீண்டும் தேவைப்படும்.

பிரிவு என்றதும் வீழ்ச்சி என்று நினைப்பது நம்மிடம் ஊறிய பழக்கம். மேலாண்மைக் கருத்தரங்குகள் அதற்குப் புள்ளிவிவரமும் தந்துவிட்டன. குடும்பத் தொழில்களில் நூற்றுக்கு 30தான் இரண்டாம் தலைமுறைக்குப் போகிறது, 13தான் மூன்றாம் தலைமுறையைத் தாண்டுகிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இந்த எண்களின் மூலம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சுமார் 200 உற்பத்தி நிறுவனங்களை வைத்து ஜான் வார்டு 1987இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு மாநிலத்தின் ஒரு துறையில் பார்த்ததை உலகத்துக்கே விதியாக்கியது முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு வேறு. நல்ல விலைக்குத் தொழிலை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வேறு தொழில் தொடங்கிய குடும்பமும், மூன்று கிளையாகப் பிரிந்து மூன்று கம்பெனி நடத்தும் குடும்பமும் இந்தக் கணக்கில் நிலைக்காதவை. போர்டில் அதே பெயர் தொங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. அந்தக் குடும்பத்தின் உழைப்பும் உறவும் என்ன ஆயின என்று பார்ப்பது வேறு. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவது கேள்விக்கு விடையாக எடுத்துக்கொண்டு, பல குடும்பங்கள் பிரிய வேண்டிய வயதில் பிரியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

டி.வி.எஸ். குடும்பத்தைப் பாருங்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், அவர் 1955இல் மறைவதற்குள்ளேயே பல கிளைகள் விட்டிருந்தது. சுந்தரம் பைனான்ஸ் 1954இல் வந்தது. அவருக்குப் பின் 1962இல் சுந்தரம் கிளேட்டன். மகன்கள் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோரின் வழிவந்தவர்கள் ஆளுக்கொரு தொழிலைத் தனியே நடத்தி வந்தார்கள். நடத்தியவர்கள் வேறு என்றாலும் பங்குகள் மட்டும் பொதுவில், ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. தொழிலை நடத்தும் கிளையிடமே அதன் உடைமையும் இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் குடும்பம் ஓர் ஏற்பாட்டை எழுத்தில் செய்துகொண்டு, பங்குச் சந்தைக்கும் அதைத் தெரிவித்தது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. அம்பானி குடும்பத்தின் உடன்பாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதன் விவரம் மூவருக்குள் இருந்தது; பின்னது தீர்ப்பாயத்தின் முன், பங்குதாரர்கள் பார்க்க நடந்தது. முன்னது தகப்பன் இறந்து, பிணக்கு முற்றிய பிறகு வந்தது; பின்னது எல்லாக் கிளைகளும் தத்தம் தொழிலில் கால் ஊன்றி நிற்கும்போது வந்தது. நூற்றுப் பத்து ஆண்டு கழித்து ஒரு குடும்பம் பிரிந்தது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது, செட்டிநாட்டு வீட்டில் அடுப்பைத் தனியாக்கிய பழைய புத்தியின் இன்றைய வடிவமாகத் தெரிகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு உணர்ச்சி சார்ந்தது, ஆனால் உணர்ச்சி என்று தள்ளிவிடக் கூடியதல்ல. தம்பிக்கு முன்னால் பத்திரத்தை நீட்டினால், நாளைக்கு இவன் என்னை ஏமாற்றுவான் என்று அண்ணன் நினைப்பதாகத்தான் அவனுக்குப் படும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஒன்று அங்கே அறுந்துவிடும். இது உண்மை, பல வீடுகளில் நடப்பதும்கூட. ஆனால் கவனித்துப் பார்த்தால், பத்திரம் புண்படுத்துவது அது திடீரென்று ஒருவரை மட்டும் நோக்கி நீளும்போதுதான். எல்லோருக்கும் எப்போதும் எழுதுவது வழக்கமாக இருந்த இடத்தில் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட்ட மைத்துனன் அவமானப்பட்டிருக்க முடியாது. அதோடு, சந்தேகம் இருப்பதால்தான் எழுதுகிறோம் என்பதே முழு உண்மையல்ல. நினைவு மாறும். பதினைந்து ஆண்டுக்கு முன் தம்பியின் நகையை விற்றுத் தறி வாங்கியபோது அது கடனா பங்கா என்று இருவருக்கும் அப்போது நன்றாகத் தெரிந்திருக்கும். தொழில் பெருத்த பிறகு அண்ணன் அதைக் கடன் என்று நினைவு வைத்திருப்பார், தம்பி பங்கு என்று நினைவு வைத்திருப்பார், இருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். நல்லவர்களுக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வகை. அவர்களுக்கு இடையே எழுத்து செய்யும் வேலை, இருவரின் நேர்மையையும் காப்பாற்றித் தருவது.

வாய்மொழி ஏற்பாட்டைச் சட்டமே மதிக்கிறதே என்று கேட்கலாம். மதிக்கிறதுதான். குடும்பத்துக்குள் அமைதிக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுகளை நீதிமன்றங்கள் கூடியவரை நிலைநிறுத்த வேண்டும், அவை வாய்மொழியாகக்கூட இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் காலே வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. முன்பே பேசி முடித்ததை நினைவுக்காக எழுதி வைக்கும் குறிப்புக்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் வாய்மொழி ஏற்பாடு ஒன்று நடந்தது என்பதையே ஒருவர் மறுத்தால், அதை மெய்ப்பிக்கும் சுமை இன்னொருவர் தலையில். சாட்சிக்கு அழைக்கப்படுவது யார்? மாமா, சித்தப்பா, அத்தை. சொத்துச் சண்டை உறவுச் சண்டையாக மாறுவது அந்தக் கூண்டில்தான். சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருப்பதை எழுதாமல் இருப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்வதைவிட, சுலபமாக எழுதிவிடலாம் என்பதற்கான வழியாக எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வாரிசு. பரம்பரை என்ற சொல்லின் கனம் முழுக்க இங்கேதான் வந்து இறங்குகிறது. டென்மார்க்கில் நடந்த தலைமை மாற்றங்களை ஆராய்ந்து மோர்டன் பென்னட்சனும் மூன்று ஆய்வாளர்களும் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலகும் தலைவரின் முதல் குழந்தை ஆணாக இருந்தால், பதவி குடும்பத்துக்குள்ளேயே போவதற்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் கம்பெனியின் நலத்துக்கும் வேறு தொடர்பு இருக்க முடியாது என்பதால், அதை வைத்தே குடும்ப வாரிசு வருவதன் விளைவைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்திலிருந்து வாரிசு வந்த நிறுவனங்களில், சொத்தின் மீதான செயல்பாட்டு லாப விகிதம் குறைந்தது நான்கு சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது. ஆண்-பெண் சமத்துவத்துக்குப் பெயர்போன டென்மார்க்கிலேயே மூத்த பிள்ளை ஆணாகப் பிறந்தது ஒரு தகுதியாகிவிடுகிறது என்றால், நம் ஊரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகக் குடும்பம் ஒதுங்கிக்கொண்டு சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்குப் பாய்வதும் சரியாகாது. ஜப்பானில் தொழில் குடும்பங்கள் தகுதியுள்ள இளைஞனை மருமகனாக்கி, மகனாகத் தத்தெடுத்து, குடும்பப் பெயரையும் கொடுத்துத் தொழிலை ஒப்படைப்பது நீண்ட கால வழக்கம். மாருதி கார் வழியாக இந்தியாவுக்குத் தெரிந்த ஒசாமு சுசுகி அப்படி வந்தவர்தான். பிறந்த வீட்டுப் பெயர் மட்சுதா. தத்து வாரிசுகள் நடத்திய ஜப்பானியக் குடும்ப நிறுவனங்கள், ரத்த வாரிசுகள் நடத்தியவற்றைவிட நன்றாகச் செயல்பட்டன என்று விகாஸ் மெஹ்ரோத்ராவும் மற்றவர்களும் 2013இல் காட்டினார்கள். அப்பா வேறொருவரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது தெரிந்த வீட்டில் சொந்த மகனும் கவனமாக இருப்பான் என்பது அவர்களுடைய வாதத்தின் இன்னொரு பாதி. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். நகரத்தாரிடமும் பிள்ளை கூட்டும் வழக்கம் உண்டு, ஆனால் அது வம்சம் தொடர. தொழில் திறமைக்குச் சோதனை, கடையில் வேலை பழகப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்ததில் தொடங்கியது. பெயர் கொடுப்பதும் பொறுப்பு கொடுப்பதும் வேறு வேறு என்பதை இரண்டு ஊர்களும் தத்தம் வழியில் அறிந்திருந்தன. வெளியாளைக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் உறுதி கிடையாது. 1905 முதல் கஸ்தூரிரங்க ஐயங்கார் குடும்பத்திடம் இருந்த ‘தி இந்து’ 2011இல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஆசிரியரை நியமித்தது. 2013 அக்டோபரில் பொறுப்பு மறுபடி குடும்பத்தின் கைக்கே திரும்பியது. உடைமை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வராதபோது, நடுவில் உட்கார வைக்கப்பட்டவரின் நாற்காலி ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

பெண்கள் விஷயத்தில் நம் குடும்பத் தொழில்களுக்குச் சமாதானம் சொல்ல இடமே இல்லை. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், இந்துக் குடும்பங்களில் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைச் சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005 செப்டம்பர் 9இல் வந்தது; மணமானவர் என்ற பேதம் அப்போது போனது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை, அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வயலுக்கும் வீட்டுக்கும் பொருந்திய இந்த மாற்றம் தொழிலின் வாசலில் வந்து நின்றுவிட்டது. தொழில் கம்பெனியாகவோ கூட்டாகவோ இருக்கிறது. மகளுக்குப் பங்கு கிடைத்தாலும், முடிவெடுக்கும் இடத்தில் இருக்கை கிடைப்பது மற்றவர்களின் ஓட்டில் இருக்கிறது. 2020 செப்டம்பரில் முருகப்பா குடும்பத்தின் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் நடந்தது அதுதான். 2017இல் மறைந்த எம்.வி. முருகப்பனின் மனைவி, இரு மகள்கள் ஆகியோரிடம் சுமார் எட்டு சதவீதப் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் இயக்குநராக விரும்பினார். பங்குதாரர் கூட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு ஓட்டு விழுந்தது. பெண் என்பதே காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்; குடும்பத்தின் மற்றக் கிளைகள் அதை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில்தான் சமரசம் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. முருகப்பா குடும்பத்தினுடையது 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழில். வெளித் திறமைசாலிகளை உயர் பொறுப்பில் அமர்த்துவதில் தமிழ்நாட்டுக்கே முன்னோடி. அப்படிப்பட்ட குடும்பத்திலேயே, ஆண் வாரிசு இல்லாத கிளைக்கு மேசையில் என்ன இடம் என்பது முன்கூட்டியே எல்லோரும் ஏற்ற விதியாக இல்லாமல் ஓட்டெடுப்பில் வந்து நின்றது என்பதுதான் கவலைக்குரியது.

மகளுக்குப் பங்கு கொடுத்தால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும், மருமகன் வந்து கணக்குக் கேட்பார் என்பது ஊர்ப்பக்கம் கேட்கும் பதில். மருமகன் கணக்குக் கேட்கட்டும். கேட்டால் காட்டும்படி கணக்கு இருந்தால் அதில் என்ன அச்சம்? பங்கு வெளியே போகும் என்ற கவலைக்கு, விற்பதானால் குடும்பத்துக்கே முதலில் விற்க வேண்டும், விலை இப்படி நிர்ணயிக்கப்படும் என்று எழுதுவது நெடுநாளாக உள்ள வழி. மகன்களுக்கும் அதே விதி வேண்டும், பங்கை விற்றுவிட்டுப் போகிற மகன்களும் உண்டு. திறமை எங்கே இருக்கிறது என்பதற்கு டி.வி.எஸ். வீட்டிலேயே உதாரணம் உண்டு. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தவர். படித்து மருத்துவரானார், 1947இல் காந்திகிராமத்தை உருவாக்கினார், பின்னர் மத்தியத் துணை அமைச்சராகவும் இருந்தார். ஒரு பெரும் நிறுவனத்தை வெறுந்தரையிலிருந்து எழுப்பி நடத்தும் வல்லமை மகன்களுக்கு மட்டும் வாய்த்ததில்லை. இன்று எத்தனையோ வீடுகளில் எம்.பி.ஏ. முடித்த மகளைக் கல்யாணம் வரை ஆபீஸில் உட்கார வைத்து, அவள் சீராக்கிய ஸ்டாக் கணக்கைப் பிறகு அவளைவிடக் குறைவாகத் தெரிந்த தம்பியிடம் ஒப்படைக்கிறார்கள். இது அவளுக்கு இழைக்கும் அநீதி. தொழிலுக்குச் செய்யும் கேடும் அதுவே.

இவையெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், பத்து ஆள் வேலை செய்யும் பட்டறைக்கு எதற்கு என்ற கேள்விதான் மிச்சம். சட்டத்தைத் திறந்து பார்த்தால், ஆபத்து அதிகம் உள்ள இடம் அந்தப் பட்டறைதான். கம்பெனிக்கு அதன் முதலாளி இறந்தாலும் உயிர் உண்டு. கூட்டு அப்படியில்லை: 1932ஆம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். இருவரே பங்குதாரர்கள் என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் பயனில்லை. ஒருவர் போனபின் கூட்டு என்பதற்கே பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் 1965இலேயே சொல்லிவிட்டது. அண்ணனும் தம்பியும் மட்டும் கூட்டாக நடத்தும் கடைகள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. மூன்றாவதாக மனைவியையோ மகளையோ சேர்த்து, ஒருவர் இறந்தாலும் கூட்டு தொடரும் என்று எழுதினால் தீரும் சிக்கல் இது. தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கடையென்றால், அவர் இறந்தபின் ஜிஎஸ்டி பதிவையே வாரிசு புதிதாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட வேகமானது வங்கி. பங்குதாரர்களுக்குள் தகராறு, கணக்கை இயக்க விடாதீர்கள் என்று ஒருவர் எழுதித் தரும் ஒற்றைக் கடிதம் போதும், நடப்புக் கணக்கு நின்றுபோகும். அன்றைக்குப் போட வேண்டிய நூல் பணமும் வார சம்பளமும் அதோடு நிற்கும்.

பர்மிய விவசாயியைப் பற்றி விட்டுவைத்த கேள்வி இங்கே வருகிறது. குடும்ப நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது நாம் அண்ணன், தம்பி, அப்பா, மருமகன் என்று ரத்தத்துக்குள்ளேயே சுற்றுகிறோம். முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கடனுக்குச் சரக்கு விட்ட வியாபாரியும், இருபது ஆண்டாகப் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளையும், தறியில் நிற்கும் பெண்ணும் அந்தக் குடும்பத்தை நம்பியவர்கள்தான். அம்பானி வழக்கின் தீர்ப்பில் நீதிமன்றம் நினைவில் வைத்தது பங்குதாரர்களை. அவர்களிடம் காகிதம் இருந்தது. சரக்கு விட்டவர் சிறு தொழில்காரராக இருந்தால் அவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், பங்காளிச் சண்டையில் முடங்கிய கணக்கிலிருந்து அவர் வாங்கப்போவது எதுவுமில்லை. ஆகவே பங்குப் பத்திரம் எழுத உட்காரும் சகோதரர்கள் லாபம் எப்படிப் பிரிப்பது என்பதற்கு முன்னால் வேறொரு ஷரத்தை எழுத வேண்டும் என்பேன்: எங்களுக்குள் எந்தத் தகராறு வந்தாலும், பஞ்சாயத்து முடியும் வரை, ஆட்களின் சம்பளமும் சரக்குக்காரர் பாக்கியும் இந்தத் தனிக் கணக்கிலிருந்து, குடும்பத்தைச் சேராத இன்னாருடைய கையெழுத்தில், தேதி தவறாமல் போகும், அதை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதும் உரிமை எங்கள் யாருக்கும் இல்லை.